மேற்கே திரும்பிய கேமரா

எங்கள் பக்கம் மழை என்றால் கிழக்கே பார்ப்பதுதான் பழக்கம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடல்காற்று தினமும் எட்டுகிற தூரத்தில் எங்கள் ஊர். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடுவது கிழக்கேயிருந்து, புயல் வருவதும் கிழக்கேயிருந்து. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரையேறியபோது, அதற்கு முந்தைய நாலைந்து நாளும் ஊரே கிழக்கைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. தென்னையெல்லாம் போனது. ஆனாலும் அது வரும் என்று தெரிந்திருந்தது. அரிசி பருப்பு வாங்கி வைத்தோம், மாட்டை அவிழ்த்து மேட்டில் கட்டினோம்.

மேற்கிலிருந்து வருகிற இடிமேகத்துக்கு அப்படி நாள் கணக்கு கிடையாது. கிடைத்தால் இருபது நிமிஷம்.

நான் கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பவன். பதினொரு வருஷமாக அதுதான் தொழில். மேகம் எடுக்க ஆரம்பித்தது ஆறு வருஷத்துக்கு முன்னால். சித்திரை, வைகாசி முகூர்த்தம் முடிந்து சாயங்காலம் திரும்பும்போது, மேற்கே தொடுவானத்துக்கு மேல் வெள்ளைக் கோபுரம் மாதிரி ஒன்று எழுந்து நிற்கும். சூரியன் அதற்குப் பின்னால் இறங்கும்போது ஓரமெல்லாம் தங்கச் சரிகை. தலை மட்டும் தட்டையாக, கொல்லன் பட்டறைப் பட்டடைக்கல் போல ஒரு பக்கம் நீண்டிருக்கும். இருட்டியதும் உள்ளே பளிச், பளிச் என்று வெட்டும். சத்தமே இருக்காது. சின்ன வயதில் அதை 'மேற்கே கண் சிமிட்டுது' என்று அம்மாச்சி சொல்லுவார். அந்த மேகம் நிற்பது திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம், எங்களிடமிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி. இடிச்சத்தம் பதினைந்து, இருபது கிலோமீட்டருக்கு மேல் கேட்காது. வெளிச்சம் மட்டும் வந்து சேரும்.

நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பது எப்படிக் கண்ணுக்குத் தெரிகிறது என்று கேட்பவர்கள் டெல்டாவில் நின்று பார்த்ததில்லை என்று அர்த்தம். எங்கள் ஊரில் மலை இல்லை, மேடு இல்லை. அறுவடை முடிந்த வயலில் நின்றால் அடுத்த ஊர் தண்ணீர்த் தொட்டி தெரியும். இடிமேகம் பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்குப் போகும். பூமியின் வளைவு கீழே கொஞ்சத்தை மறைத்தாலும் மிச்சமெல்லாம் மேலே நிற்கிறது. மேகம் எடுக்க ஆசைப்படுகிறவனுக்கு இதைவிட நல்ல மைதானம் அமையாது. ஆனால் அந்த மேகம் எங்களிடம் வந்து சேர்வது அபூர்வம்.

இது ஏன் என்று எனக்குப் பல நாள் புரியவில்லை. ஆடி, ஆவணியில் ராத்திரி இடியோடு மழை பெய்யும்தான். நான் சொல்வது அது இல்லை. ஆலங்கட்டியும் சூறைக்காற்றுமாக, தருமபுரிக்காரரும் ஓசூர்க்காரரும் கோடையில் சாதாரணமாகப் பார்க்கிறார்களே, அந்த மாதிரி. அம்மாச்சி எண்பத்திரண்டு வயது வரை இருந்தார். ஆலங்கட்டியைப் பார்த்தது இரண்டே தடவை.

கடல்காற்றுதான் காரணம். இடிமேகம் வளர வேண்டுமென்றால் தரையில் சூடேறிக் கொதிக்கிற காற்று வேண்டும். எங்கள் பக்கம் மதியம் பன்னிரண்டு, ஒரு மணிக்கெல்லாம் கிழக்கே கடல்காற்று எழுந்துவிடும். அது குளிர்ந்த காற்று, தரையோடு ஒட்டிப் படர்ந்து ஒரு மூடி மாதிரி உட்கார்ந்துகொள்ளும். மேற்கே பிறந்த மேகம் சாயங்காலம் எங்களை நோக்கி நகர்ந்து வருவதற்குள் அடுப்பு அணைந்திருக்கும். மன்னார்குடி தாண்டும்போதே அது சோர்ந்து வெறும் சாம்பல் திரையாகிவிடும். நாலு தூறல். அவ்வளவுதான்.

ஆலங்கட்டிக்கு இன்னொரு தடையும் உண்டு. நம் பக்கத்தில் கோடையில் தண்ணீர் உறைகிற குளிர் கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர் உயரத்தில்தான் ஆரம்பிக்கிறது. அங்கே உருவான கட்டி, வெக்கையான காற்றுக்குள் அவ்வளவு தூரம் விழுந்து வரவேண்டும். பெரும்பாலும் வழியிலேயே கரைந்து வெறும் பெரிய துளியாகத்தான் தரையைத் தொடும். கட்டியாகவே விழுகிறது என்றால் மேலே அது எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும், கூடவே எவ்வளவு குளிர்காற்று கொட்டியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

சில நாள் மட்டும் மேற்கேயிருந்து வீசுகிற காற்று கடல்காற்றை உள்ளே விடாது. மூன்று மணி, நாலு மணி வரைக்கும் தரை காயும். அப்புறம் தாமதமாகக் கடல்காற்று உள்ளே நுழையும். மேற்கே இருந்து வருகிற மேகமும் அதுவும் முட்டுகிற இடத்தில் காற்றுக்கு மேலே எழும்புவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த முட்டல் எங்கள் தலைக்கு மேல் நடந்தால் அதுதான் நான் சொல்ல வந்த நாள்.

கத்திரி வெயில் நடந்துகொண்டிருந்த ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை. காலை முகூர்த்தம் முடித்து, பெண் அழைப்பு வரைக்கும் எடுத்துவிட்டு, மூன்றரைக்கு மண்டபத்தை விட்டு வெளியே வந்தேன். வேட்டி பறக்கவில்லை. அந்த நேரத்துக்கு மண்டப வாசலில் கடல்காற்று வீசியாக வேண்டும். அன்றைக்குக் காற்றே இல்லை, சட்டை முதுகோடு ஒட்டியது. செல்போனில் வானிலைத் துறையின் காரைக்கால் ராடார் படத்தைத் திறந்தேன். பட்டுக்கோட்டைக்கு மேற்கே சிவப்பாக ஒரு திட்டு. அடுத்த படத்தில் அது கிழக்கே நகர்ந்திருந்தது, சிறுக்கவும் இல்லை.

உதவிக்கு வந்த தம்பியை பஸ் ஏற்றிவிட்டு, ஆம்னி வேனை முள்ளியாற்றுக் கரைக்கு ஓட்டினேன். ஆறு வறண்டு கிடந்தது. மேட்டூர் ஜூன் 12-ஆம் தேதி திறந்தால்தான் எங்களுக்குத் தண்ணீர், அதுவும் கடைமடைக்கு வந்து சேர இன்னும் பல நாளாகும். வயல் எல்லாம் வெடித்து, வெடிப்பில் கை நுழைக்கலாம் போல இருந்தது. தெற்கே கொஞ்சம் பருத்தி. மேற்கே கண்ணுக்கு எட்டிய வரை அறுத்த நெல்லின் வெறும் தாள். அதில் ஒரு கிடை ஆடு.

டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் செம்மறி ஆட்டை ஓட்டிக்கொண்டு வருவார்கள். பகலில் மேய்ச்சல், ராத்திரி வயலில் கிடை. ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம், அதற்கு நெல்லாகவோ பணமாகவோ கொடுப்போம். குறுவைக்குத் தண்ணீர் வருகிறவரை இருந்துவிட்டுத் திரும்புவார்கள். வெட்டவெளிதான் வீடு. குட்டிகளை அடைக்கிற மூங்கில் கூண்டு, ஒரு தார்ப்பாய், சோற்றுப் பாத்திரம், இவ்வளவுதான் சாமான்.

கரைமேல் ஸ்டாண்டை விரித்து கேமராவை மாட்டினேன். ஃபோகஸைக் கையால் தூரத்தில் நிறுத்தினேன். தானாக விட்டால் இருட்டும்போது அது தடுமாறி முன்னும் பின்னும் ஓடும். ஷட்டர் ஐம்பதில் ஒன்று, வெள்ளை நிறத்தையும் பூட்டிவிட்டேன், இல்லையென்றால் ஒவ்வொரு மின்னலுக்கும் படம் நீலமாகவும் மஞ்சளாகவும் மாறிக்கொண்டே இருக்கும். மேலே ஒரு பிளாஸ்டிக் உறை, ரப்பர் பேண்ட். மணி ஐந்து பத்து.

அப்போதுதான் கீதாரி கீழே இருந்து கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும். தோளில் துரட்டிக் கம்பு.

"தம்பி, மேக்கால பாத்தீகளா?"

"அதத்தான் எடுக்கிறேன் அண்ணே."

"எடுங்க. ஆனா அங்கன மேட்டுல நிக்காதீக. இது வெறும் மழ இல்ல."

எனக்கு அது வெறும் மழையாகவும் தெரியவில்லை, வேறு எதுவாகவும் தெரியவில்லை. இதற்கு முன் பார்த்திருந்தால்தானே தெரியும். அவர் பார்த்திருக்கிறார். உள்நாட்டு வெயிலில் பிறந்து வளர்ந்தவர். "வெள்ளையா நிக்கிற வரைக்கும் பயமில்ல. அடியில கறுத்து, அதுக்குக் கீழ ஒரு வரப்பு கட்டுச்சுன்னா ஓடிரணும்" என்றார்.

ஐந்தரைக்கு அந்த வரப்பு கட்டியது. வீடியோவில் இந்த இடத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. மேற்கே வடகோடியிலிருந்து தென்கோடி வரை தரைக்கு நெருக்கமாக ஒரே நீளக் கரை, மேலே அடுக்கு அடுக்காக, ஈரக்களிமண்ணை விரலால் இழுத்த மாதிரி. அதற்கு அடியில் கரும்பச்சை. வானிலை பார்க்கிறவர்கள் இதை ஷெல்ஃப் மேகம் என்கிறார்கள். மழையோடு மேலேயிருந்து கொட்டிய குளிர்காற்று தரையில் மோதி நாலாபக்கமும் ஓடும். அது முன்னால் இருக்கிற வெக்கைக் காற்றை நெம்பி மேலே தூக்கும்போது உருவாவதுதான் அந்தக் கரை. அதாவது, அதைப் பார்க்கிறோம் என்றால் காற்று ஏற்கெனவே புறப்பட்டுவிட்டது. பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், திரும்பவும் குனிந்தார்கள். வெடித்த பருத்தி நனைந்தால் விலை போகாது, அதனால் இன்னும் வேகமாக எடுத்தார்கள். கீதாரிதான் வாயில் கைவைத்துக் கத்தினார். "ஆத்தா, வீட்டுக்குப் போங்க, போங்க!" அவர் குரலில் இருந்த எதுவோ அவர்களைக் கிளப்பியது. மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு ரோட்டோரத்து மோட்டார் கொட்டகைக்கு ஓடினார்கள். சிமெண்டுக் கூரை, நாலு சுவர்.

முதலில் வந்தது வாசனை. எங்கேயோ நனைந்த மண்ணின் வாசனை எங்கள் காய்ந்த மண்ணுக்கு வந்தது. அப்புறம் கொக்கும் மடையானும் கூட்டமாகக் கிழக்கே பறந்தன. அடுத்து பனைமட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் சலசலத்தன. அதன் பின்னால் புழுதிச் சுவர். பத்து விநாடியில் உடம்பு சில்லிட்டது. மே மாதத்தில் எங்கள் ஊரில் நடுங்குவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

"கம்பிய விட்டுட்டு வாங்க தம்பி!"

கேமராவை அப்படியே ஓடவிட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். இரும்பு ஸ்டாண்டு மின்னலை இழுக்கும் என்பார்கள், செல்போன் இழுக்கும் என்பார்கள். அப்படி இல்லை. சுற்றிலும் சமதரையாக இருக்கும்போது, கரைமேல் நிமிர்ந்து நிற்கிற நான்தான் அங்கே உயரமான பொருள். ஆபத்து அதுதான். எங்கள் ஊரில் எந்த வயலில் நின்றாலும் இதே கதைதான். நடவு செய்கிறவரும் பருத்தி எடுக்கிறவரும் மாடு மேய்க்கிறவரும் அந்தச் சமவெளியின் உச்சி. ஒதுங்குவதற்கு இருப்பது ஒற்றைப் பனையோ ஒற்றைப் புளியமரமோ. அதன் அடிதான் எல்லாவற்றிலும் மோசமான இடம். இந்தியாவில் ஒவ்வொரு வருஷமும் மின்னல் தாக்கி இரண்டாயிரம் பேருக்கு மேல் இறக்கிறார்கள், அதில் பெரும்பங்கு வயலில் வேலை செய்கிறவர்கள். இதை நான் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய்ச் சொல்ல விரும்புகிறேன், எங்கள் பக்கம் இதைச் சொல்ல ஆள் இல்லை. புயலுக்கு முகாம் இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது. இதற்கு அப்படி ஒன்றும் இல்லை.

என் ஆம்னிக்குள் கீதாரி, அவருடைய மகன், கூலிக்கு வந்த ஒரு பையன், நான், மூன்று குட்டிகள். கண்ணாடியை ஏற்றிவிட்டோம். நாலு பக்கமும் தகரம் மூடிய வண்டி பத்திரம், மின்னல் விழுந்தாலும் மேல்தகரம் வழியாகவே தரைக்கு இறங்கிவிடும். உள்ளே இரும்பைத் தொடாமல் இருந்தால் போதும். ஆடுகளை என்ன செய்வது? அவர் ஓட்டி ஓட்டிப் பார்த்தார். செம்மறிக்குக் காற்றில் முகம் கொடுக்கத் தெரியாது, தலையை ஒன்றின் வயிற்றுக்கடியில் ஒன்று நுழைத்துக்கொண்டு கும்பலாகும். பாதி ஆடு தாளில் உட்கார்ந்துவிட்டது. மிச்சம் பனையடிக்குப் போய்விட்டது.

அவர் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டிலும் இடிக்கு அதுதான் சொல்வோம். அந்த ஒன்று மட்டும் இரண்டு ஊருக்கும் பொது.

பனையில் மின்னல் விழுந்ததை நாங்கள் பார்க்கவில்லை. வெள்ளை மட்டும்தான். அப்புறம் சத்தம். இடி என்று சொல்ல முடியாது, முதுகுக்குப் பின்னால் பலகை முறிந்த மாதிரி. அதற்குப் பிறகு ஆலங்கட்டி ஆரம்பித்தது. அரைநெல்லி அளவு, நடுநடுவே பெரிய நெல்லி அளவு. தகரத்துக்கு அடியில் பேசினது எதுவும் யாருக்கும் கேட்கவில்லை. நாலு நிமிஷம். வெடித்த வயல் முழுக்க வெள்ளை வெள்ளையாக உருண்டு, வெடிப்புக்குள் விழுந்து மறைந்துகொண்டிருந்தது. பையன் கதவைக் கொஞ்சம் திறந்து ஒன்றைப் பொறுக்கிக் குட்டியின் மூக்கில் வைத்தான். குட்டி தும்மியது.

கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆகிறவரை இறங்கக்கூடாது என்று படித்திருக்கிறேன். கீதாரியை அவ்வளவு நேரம் என்னால் பிடித்து வைக்க முடியவில்லை.

ஏழு ஆடு. எதன் மேலும் காயமில்லை, ஒன்றிரண்டின் கால்மயிர் மட்டும் கருகியிருந்தது. மின்னல் பனை வழியாகத் தரையில் இறங்கிச் சுற்றிலும் பரவும். பரவும்போது மரத்துக்குப் பக்கத்தில் ஒரு அழுத்தம், ஒரு மீட்டர் தள்ளி வேறு அழுத்தம். முன்னங்கால் ஓரிடத்தில், பின்னங்கால் ஓரிடத்தில் நிற்கிற உயிருக்குள் அந்த வித்தியாசம் ஒரு காலில் ஏறி, நெஞ்சைக் கடந்து, மறுகாலில் இறங்கும். இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் குந்தச் சொல்வது இதற்காகத்தான். ஆட்டுக்கு அதற்கு வழியில்லை. அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, மேலே துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். மறுநாள் கால்நடை மருத்துவர் வந்து பார்த்து எழுதிக்கொடுத்தார். வேறு மாவட்டத்து ஆள், இங்கே வீடு இல்லை, எந்த மனுவில் எந்த ஊரை எழுதுவது என்று நிவாரணம் இழுத்தது. நானும் இரண்டு தடவை கூடப் போனேன். அவர் ஊர் திரும்புகிற வரையில் கிடைக்கவில்லை.

கேமரா கரைச்சரிவில் விழுந்து கிடந்தது. முன்னால் போட்டிருந்த ஃபில்டர் உடைந்திருந்தது, லென்ஸ் பிழைத்தது. பதினெட்டு நிமிஷம் பதிவாகியிருந்தது. கடைசி பதினொரு நிமிஷம் பக்கவாட்டில் கிடந்தபடி, மழை இடமிருந்து வலமாக ஓடுகிறது.

அந்தப் பனையில் மின்னல் விழுந்த இடத்தை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தேன். விநாடிக்கு 25 ஃப்ரேம். வெளிச்சம் வந்த ஃப்ரேமுக்கும் சத்தம் தொடங்கிய ஃப்ரேமுக்கும் நடுவே 17. அதாவது 0.68 விநாடி, ஏறக்குறைய 230 மீட்டர். பனை ஃப்ரேமுக்கு வெளியே இடதுபுறம் இருந்தது, அதன் அடியில் ஒண்டிய ஆடுகளில் கொஞ்சம் உள்ளே தெரிந்தன. அந்த முதல் ஃப்ரேம் இரண்டாக வெட்டுண்டிருக்கிறது. மேல்பாதி சாயங்கால இருட்டு, கீழ்ப்பாதி சுண்ணாம்பு வெள்ளை, நடுவே ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடு. இந்த மாதிரி கேமராக்கள் ஒரு படத்தை ஒரே கணத்தில் எடுப்பதில்லை, மேல் வரியிலிருந்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கிப் படிக்கும். மேல்பாதியைப் படித்து முடித்த பிறகு மின்னல் வந்திருக்கிறது. அதனால் வானத்துக்கு இன்னும் மின்னல் தெரியாது. தரையில் மட்டும் வெளிச்சம் அடித்துவிட்டது. ஆடுகள் எல்லாம் நிற்கின்றன, ஒவ்வொன்றின் காதும் தெரிகிறது. அடுத்த ஃப்ரேம் முழு வெள்ளை. அதற்கடுத்ததில் மங்கல். மறுபடி வெள்ளை. ஒரே மின்னல் அதே வழியில் மூன்று நாலு முறை ஓடும், நாம் நேரில் பார்க்கும்போது துடிக்கிற மாதிரி இருப்பது அதனால்தான்.

அதிலிருந்து நான் வண்டிக்குள் உட்கார்ந்துதான் எடுக்கிறேன். கேமரா வெளியே, நான் உள்ளே. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே விநாடியை எண்ணுவேன், மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். முப்பது விநாடிக்குக் கீழே வந்துவிட்டால் கேமராவை எடுக்கக்கூட இறங்க மாட்டேன். புனே வானிலை ஆய்வு நிறுவனத்தாருடைய 'தாமினி' செயலியை எனக்குத் தெரிந்தவர் போனில் எல்லாம் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன், பக்கத்தில் மின்னல் விழுந்தால் அது காட்டும். எங்கள் தெருப் பெண்கள் பருத்திக்குப் போகும்போது இப்போது மேற்கேயும் ஒரு பார்வை பார்க்கிறார்கள். "வரப்பு கட்டுதாடா?" என்று எனக்குப் போன் வருகிறது. அந்தச் சொல்லை நான்தான் பரப்பினேன். அது கீதாரியுடைய சொல்.

இந்தப் பங்குனியில் அவர் மறுபடி வந்தார். அதே வயலில் கிடை. சாயங்காலம் டீ வாங்கிக்கொண்டு போனேன். வீடியோவைப் பார்க்க வேண்டுமா என்று கேட்க எனக்குத் தயக்கமாக இருந்தது, அவரே கேட்டார். செல்போனைக் கையில் கொடுத்தேன். வரப்பு கட்டுவதைப் பார்த்துத் தலையாட்டினார். காற்று வந்ததும், "பெருசுதான்" என்றார். அந்த ஃப்ரேம் வந்தபோது நிறுத்தச் சொன்னார். மின்னலைப் பார்க்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, கீழே இடது மூலைக்கு நகர்த்தினார்.

"இது செவல. இந்தா, காது கிழிஞ்சது. இது மொதப்போக ஈத்து குடுத்தது." விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். ஐந்து வரை எண்ணினார். மிச்சம் இரண்டு ஃப்ரேமுக்கு வெளியே.

டீ ஆறிக்கொண்டிருந்தது. போனைத் திருப்பிக் கொடுக்காமல் மகனைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்த ஒண்ண மட்டும் இவன் போனுக்கு அனுப்புறீகளா?"